எங்கள் வாக்கை யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?



ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், காங்கிரஸ் ஆட்சியை ஒழித்தே தீருவோம் என்று இந்தத் தென்னாற்காடு ஜில்லா அதிர முழங்கி, அந்த முழக்கத்தை நம்பிய ஏழை எளியவர்களின் வாக்குகளைப் பெற்றுச் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தவர்கள், இன்று 1957-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் நெருங்கி நிற்கும்பொழுது, அதே கிராமங்களுக்கு வந்து, காங்கிரஸின் இரட்டைக் காளைக்கு வாக்களியுங்கள் என்று கூசாமல் கேட்கிறார்களே, அந்த அநியாயத்தைக் கண்டும் காணாதவனாய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்க மனம் இடம் தராத காரணத்தால்தான் இந்த மேடையில் ஏறினேன். அவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான் உண்டு: எங்கள் வாக்கை யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

1952-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத் தேர்தல் அது. ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி. எழுத்தறியாத தாயும் சின்னத்தைப் பார்த்துத் தன் சீட்டைத் தான் விரும்பிய பெட்டியிலே போட்டாள். 375 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரஸ் பெற்றவை 152. கம்யூனிஸ்டுக் கட்சி 62 ஸ்தானங்களைப் பெற்றது. நமது ஜில்லாவை முக்கிய களமாகக் கொண்ட ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. அத்தேர்தலில் தான் போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகம், திராவிட நாட்டுக் கோரிக்கைக்குக் கையெழுத்திட்டவர்கள் என்பதற்காக இவ்விரு கட்சிகளின் அபேட்சகர்களுக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. காங்கிரஸ் வேண்டாம் என்பதே ஜனங்களின் தீர்ப்பு என்பதில் எவருக்கேனும் சந்தேகம் இருந்ததா?

பெரும்பான்மைக்கு 188 பேர் வேண்டும். காங்கிரஸுக்கு 36 பேர் குறைவு. மூன்றாம் வகுப்புச் சிறுவனைக் கேட்டால், ஆட்சி அமைக்க முடியாது என்று விரலை மடக்கிச் சொல்லிவிடுவான். ஆனால் கவர்னர் மாளிகையிலே வேறு கணக்கு நடந்தது. தேர்தலில் நிற்காத, ஒரு வாக்காளனிடமும் ஆதரவு கேட்டு வராத ராஜாஜி, மேல்சபைக்கு நியமனம் செய்யப்பெற்று முதல் மந்திரியானார். பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் பிறரும் சேர்ந்து அமைத்த ஐக்கிய ஜனநாயக முன்னணி, ஆட்சி அமைக்கும் உரிமை எங்களுக்கே என்று வாதாடி ஓய்ந்தது. மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் மந்திரிசபையில் அமர்ந்தார். 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானதும் படையாட்சியாரும் மந்திரியானார், கட்சிகள் கரைந்தன. கையெழுத்து என்னவாயிற்று? கொடுத்த உறுதி என்னவாயிற்று? எங்கள் வாக்கை யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

ஒரு சம்சாரி சந்தையிலே காளை ஜோடி ஒன்றைப் பல் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்கடியிலே விரல் பிடித்து விலை பேசி, அச்சாரமும் கொடுத்துவிட்டு, தும்புக் கயிறு வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள், தரகன் அந்தக் காளைகளை அடுத்த ஊர் மிராசுதாரின் வண்டியிலே பூட்டி அனுப்பிவிட்டால் அந்தச் சம்சாரி சும்மா இருப்பானா? தரகனின் மடியைப் பிடித்து இழுத்து, சந்தை கூட்டி நியாயம் கேட்க மாட்டானா? காளைக்குக் கேட்கத் தெரிந்த நமக்கு வாக்குக்குக் கேட்கத் தெரியவில்லையே! அதுமட்டுமா? அந்தத் தரகனே இப்பொழுது காளையைச் சின்னமாகக் காட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்து நிற்கிறான். நாமோ அவனுக்கு மோர் கொடுத்து உபசரிக்கிறோம்!

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம், உள்ளே போனால்தான் காரியம் சாதிக்கலாம் என்பது. அதாவது, திருட்டை ஒழிக்கத் திருடனோடு பங்கு போட வேண்டும் என்பது. ராஜாஜியின் கல்வித் திட்டம் ஒழிந்ததே என்பார்கள். ஒழிந்தது, காமராஜர் அதைக் கைவிட்டார், நல்லது. ஆனால் அரை நேரம் பள்ளி, மற்ற நேரம் அப்பன் தொழில் என்று கிராமத்துப் பிள்ளைகளின் தலையில் எழுத வந்த அந்தத் திட்டத்தை எதிர்த்து வெளியிலே கிளர்ச்சி செய்து தடியடியும் சிறையும் கண்டவர்கள் யார்? மந்திரி நாற்காலியிலிருந்தா அந்த எதிர்ப்புப் பிறந்தது?

ஆவடியில் 1955-இல் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டார்களாம். ஆகவே இடதுசாரிகளுக்கு இனி வேலையில்லையாம். கூலி உயர்வு கேட்டவனைக் கலகக்காரன் என்று அழைத்த வாய், தீர்மானம் நிறைவேறிய மறுநாளே சோஷலிசம் பேசினால் நாம் நம்பிவிட வேண்டுமா? நியாய வாரச் சட்டம் போட்டிருக்கிறோம், நன்செய்யில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிலச்சொந்தக்காரன் வாங்கக் கூடாது என்கிறார்கள். மானாவாரிக் கொல்லையிலே வாய்ச்சொல்லை நம்பி உழுகிறவனுக்கும், அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக் கூலி வாங்குகிற தாய்க்கும் அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு துணைக்கு வரும்? உழைப்பாளர் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அல்லவா முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டும்? வன்னியனென்றும் ஆதிதிராவிடனென்றும் நம்மைப் பிரித்து நிறுத்தி வாக்கு வாங்கியவர்கள், பதவியைப் பெறும்பொழுது மட்டும் எந்தச் சாதியையும் கலந்து ஆலோசிக்கவில்லை.

தோழர்களே, காங்கிரஸை எதிர்த்து ஜனங்கள் வாக்களித்ததற்குக் காரணங்கள் இருந்தன. 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி, சேலம் சிறைக்குள்ளே, தப்பி ஓட வழியில்லாமல் நாற்புறமும் மதில் சூழ்ந்த இடத்திலே, கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்பொழுது இந்த ராஜ்யத்தை ஆண்டது காங்கிரஸ். அந்த இரத்தம் காய்வதற்குள் நடந்த தேர்தலிலே, அடக்குமுறையைக் கண்டு அஞ்சாமல் வாக்களித்த ஜனங்களின் தீர்ப்பை அல்லவா பதவிக்கு விற்றார்கள்! இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு எந்தப் பெயரால் சொல்வது?

பிரிட்டனிலும் இது நடந்திருக்கிறது. 1929-இல் 287 ஸ்தானங்களோடு வந்த தொழிற்கட்சியின் பிரதம மந்திரி ராம்ஸே மாக்டொனால்டு, 1931-இல் வேலையற்றோரின் உதவித்தொகையைக் குறைக்கும் பிரச்சினையில் தம் மந்திரிசபை பிளவுபட்டதும், எதிர்க்கட்சியாரான கன்சர்வேட்டிவ்களோடு கூடித் தேசிய சர்க்கார் என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டு பதவியில் நீடித்தார். அடுத்த தேர்தலில் தொழிற்கட்சிக்கு மிஞ்சியவை 52. தலைவருக்குப் பதவி கிடைத்தது. தொழிலாளிக்குக் கட்சியே இல்லாமற் போயிற்று. ஆனால் அந்தக் கட்சி அவரை வெளியேற்றியது என்பதையும் கவனியுங்கள். இங்கேயோ, தாவியவர்களுக்கு மாலை போடுகிறோம்!

பதவி எப்படித் துறக்கப்படுகிறது என்பதையும் நாம் பக்கத்திலேயே பார்த்தோம். சென்ற நவம்பர் 23-ஆம் தேதி விருத்தாசலத்தைக் கடந்து தெற்கே போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு அப்பால் மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தம் கையால் நேராத அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். அவர் காங்கிரஸ்காரர்தான், அவர் கட்சி எனக்கு ஆகாது, ஆனாலும் அந்தச் செயலுக்குத் தலை வணங்குகிறேன். செய்யாத குற்றத்துக்காக ஒருவர் பதவியை விட்டார். தங்கள் கையாலேயே செய்த குற்றத்துக்குப் பரிசாகப் பதவியைப் பெற்றவர்கள் நம் ஜில்லாவிலே இருக்கிறார்கள்.

ஆகவே என் கவலையெல்லாம் வரப்போகும் ஐந்து ஆண்டுகளைப் பற்றியது. சென்ற தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது நூற்றுக்கு ஏறக்குறைய 35 வாக்குகளே, மற்றவை சிதறின. இன்றும் கம்யூனிஸ்டு ஒரு பக்கம், சோஷலிஸ்டு ஒரு பக்கம், புதிதாகக் களமிறங்கும் தி.மு.க. ஒரு பக்கம் என்று நிற்கிறார்கள். பெரியாரோ காமராஜரை ஆதரிக்கக் கிளம்பிவிட்டார். சிதறிய வாக்கினால் காங்கிரஸ் பாதி வெல்லும். வென்றவர்களை விலை பேசி மீதியை வெல்லும். முதலாவதைத் தடுக்கத் தலைவர்களுக்குள்ளே உடன்பாடு வேண்டும். இரண்டாவதைத் தடுக்க நம்மால் முடியும்.

எந்தக் கட்சியின் அபேட்சகர் இந்த ஊருக்கு வந்தாலும், அவர் பிரசங்கத்தை ஆரம்பிக்கும் முன்பே எழுந்து நின்று கேளுங்கள்: வென்ற பிறகு கட்சி மாறினால், ஸ்தானத்தை ராஜிநாமாச் செய்துவிட்டு எங்களிடமே திரும்பி வந்து மறுபடியும் வாக்குக் கேட்பீரா? ஊர் முன்னிலையில் ஆம் என்று சொல்லட்டும், எழுதிக் கையெழுத்திடட்டும், அந்தத் தாளை ஊரார் பத்திரப்படுத்தட்டும். சொல்லத் தயங்குகிறவர் எத்தனை பெரிய தலைவரானாலும், நம் சாதியானாலும், நம் உறவானாலும், நான் நம்பும் பொதுவுடைமைக் கொள்கையையே பேசுகிறவரானாலும், அவருக்கு ஒரு வாக்கும் போடாதீர்கள்.