பிரசவ வலியும் குளோரோபாரமும்



பிள்ளை பெறும் பெண்ணின் வலியைக் குறைக்கலாமா, கூடாதா என்று ஒரு காலத்தில் தர்க்கமே நடந்தது. 1847-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி இரவு, எடின்பரோ நகரத்தில் ஜேம்ஸ் சிம்ஸன் என்னும் பிரசவ டாக்டர் தம் வீட்டில் இரண்டு டாக்டர் நண்பர்களோடு உட்கார்ந்து குளோரோபாரத்தை முகர்ந்து பார்த்தார். மூவரும் நினைவிழந்து விழுந்தார்கள். தெளிந்ததும், சில நாட்களுக்குள்ளாகவே பிரசவத்துக்கும் அதைக் கொடுத்தார்.

ஆட்சேபமும் பிறந்தது. ஏவாள் பழம் தின்ற குற்றத்துக்காகப் பெண்கள் வேதனையோடு பிள்ளை பெற வேண்டுமென்று ஆண்டவனே தண்டித்திருக்க, அதை மாற்ற டாக்டர் யார் என்பதாகச் சிலர் கேட்டார்கள். சிம்ஸன் அவ்வருஷம் டிசம்பரிலேயே ஒரு துண்டுப் பிரசுரம் போட்டு, ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவனும் அவனைத் தூங்க வைத்துத்தானே எடுத்தார் என்று அதே புஸ்தகத்தைக் காட்டினார். சாமர்த்தியமான பதில்தான். ஆனாலும் நாம் கேட்பதென்னவெனில், அப்புஸ்தகத்தில் அந்த வரி இல்லாமற் போயிருந்தால் பெண்கள் கதறிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? 1853-ல் விக்டோரியா ராணியே, ஜான் ஸ்நோ என்னும் டாக்டர் குளோரோபாரம் கொடுக்கப் பிள்ளை பெற்றாள். ராணிக்குப் பலிக்காத சாபம் கூலிக்காரிக்கு மட்டும் எப்படிப் பலிக்கும்?

இதனால் டாக்டர்கள் சொல்வதெல்லாம் சரியென்று நாம் சொல்ல வரவில்லை. 1848 ஜனவரியில் நியூகாஸில் பக்கத்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுப்பதற்காகக் கொடுத்த குளோரோபாரத்தில் சில நிமிஷங்களில் செத்தாள். பின்னும் பல இடங்களில் இப்படியே. முதலில் நிற்பது மூச்சா, இருதயமா என்று டாக்டர்களுக்குள் சண்டை. இது வீண் சண்டையல்ல. மருந்து கொடுப்பவர் எதைக் கவனிக்க வேண்டுமென்பது இதைப் பொறுத்தது.

தீர்த்து வைக்க முன்வந்தது ஐதராபாத். டாக்டர் லாரி என்பவர் நிஜாமின் பணத்தைக் கொண்டு 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் நடத்தினார். (ரூபாபாய் பர்துன்ஜி என்ற பார்சிப் பெண் டாக்டர் அந்நாளிலேயே அவ்வூரில் குளோரோபாரம் கொடுத்து வந்தார் என்பதையும் பெண்களுக்கு என்ன தெரியும் என்பவர்கள் கேட்கட்டும்.) இரண்டாவது கமிஷனுக்கு லண்டன் லான்ஸெட் பத்திரிகை லாடர் பிரண்டன் என்னும் நிபுணரையே அனுப்பியது. நூற்றுக்கணக்கான நாய், குரங்குகள்மேல் பரீக்ஷை செய்து, மூச்சுத்தான் முதலில் நிற்கிறது, மூச்சைக் கவனித்தால் போதும் என்று தீர்ப்புச் செய்தார்கள். இத்தனை பெரியவர்கள் சொன்ன பிறகும் சாவு நின்றபாடில்லை.

1911-ல் லெவி என்ற டாக்டர் வேறு கேள்வி கேட்டார். பூனைகளுக்குக் குளோரோபாரத்தை இலேசாகக் கொடுத்து, பயந்தால் உடம்பிலேயே சுரக்கும் அட்ரினலினை ஊசியால் ஏற்றினார். இருதயம் முறை தப்பித் துடித்து நின்றுவிட்டது! ஐதராபாத்தார் கண்டதும் பொய்யல்ல. மருந்து மிஞ்சினால் மூச்சு நிற்கத்தான் செய்யும். ஆனால் அரை மயக்கத்தில் பயந்து கிடப்பவனுக்கு வரும் ஆபத்து அவர்கள் பரீக்ஷையில் அகப்படவில்லை.

இன்று மயக்கத்துக்குக் குளோரோபாரம் கொடுப்பதில்லை. பிரசவ வலிக்கு முதுகெலும்பின் பக்கம் மெல்லிய குழாய் வைத்து மரக்கும் மருந்து செலுத்துகிறார்கள். தாய் விழித்துக்கொண்டே பிள்ளை பெறுகிறாள். நம் வீடுகளிலோ, "நாங்களெல்லாம் பொறுக்கவில்லையா?" என்கிற மாமியார் பேச்சுத்தான் இன்னும் சாஸ்திரம். அந்த வீட்டு ஆண்பிள்ளை பல் பிடுங்கப் போனால் ஊசி போடாமல் வாயைத் திறக்கிறானா? உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், பேறுகாலத்துக்கு முன்னமே அவளையும் அழைத்துப் போய், அந்த வசதி ஆஸ்பத்திரியில் உண்டா, அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வேண்டும், வேண்டாம் என்பதை அவள் சொல்லட்டும்.