பருவக்காற்றும் பால்மரமும்
(தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரை)



விடியற்காலையில் எழுந்ததும் நீங்கள் முதலில் நோக்குவது வானத்தைத்தான். மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். வெட்டு நின்றால் மாத வருமானம் குறையும். ஆகவே, கத்தியைத் தீட்டி வைப்பது போன்றே, காற்றும் மழையும் எவ்வாறு வருகின்றன என்பதை அறிந்து வைப்பதும் நம் தொழிலின் ஒரு பகுதியாகும்.

நம் நாட்டில் இரு பருவக்காற்றுகள் வீசுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் பெருமழையாகப் பொழிகின்றது. 2014 டிசம்பரில் கிழக்குக் கரையில் ஏற்பட்ட பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே காற்று தித்திவங்சா மலைத்தொடரில் தடைபடுவதால், மேற்குக் கரைக்கு அவ்வளவு மழை கிட்டுவதில்லை. கெடா, பெர்லிஸ் பகுதிகளில் ஆண்டின் தொடக்கம் வறட்சியாகவே இருக்கும்.

மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. சுமத்ரா மலைகள் இக்காற்றைத் தடுப்பதால், பொதுவாக மழை குறைவு. எனினும், மலாக்கா நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன்பே சூறைக்காற்றும் மழையும் மேற்குக் கரையைத் தாக்குவதுண்டு. 'சுமத்ரா காற்று' என்று அழைக்கப்படும் இது, சரியாக வெட்டு நேரத்தில் வந்து வேலையைக் கெடுக்கின்றது; மரங்களையும் முறித்துவிடுகின்றது.

விடியலில் ஏன் வெட்டுகிறோம்? இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. அதனால் பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு ஓடும். வெயில் ஏறியதும் அழுத்தம் தணிந்து, பால் குறைகின்றது. காலை மழையால் வெட்டு தள்ளிப்போனால் பால் குறைவது இதனால்தான்.

"பட்டை காயும்வரை காத்திருந்தால் கூலி போய்விடுமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து, மங்கில் சேராமல் வீணாகின்றது. மேலும், ஈரத்தில் வளரும் பூஞ்சணம் வெட்டுக்காயத்தின் வழியே புகுந்து பட்டையை அழுகச் செய்கின்றது. அழுகிய இடத்தில் புதுப்பட்டை செம்மையாக வளராது. அங்கே மறுபடியும் வெட்டுவது கடினம். இன்று ஒரு நாள் கூலிக்காகச் செய்யும் அவசரம், பின்னாளில் அதே மரத்தின் பாலைக் குறைத்துவிடும்.

இலையுதிர் காலமும் வானிலையைப் பொறுத்ததே. ஆண்டின் முதல் மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும்போது பால் குறைகின்றது. அச்சமயம் வறட்சி நிலவினால் தளிர்கள் நலமாக முதிரும். மழையும் ஈரமும் தொடர்ந்தால் நோய் தாக்கித் தளிர் உதிரும். மரம் மீண்டும் தளிர்விடத் தன் சேமிப்பைச் செலவிடும். பால் பெருக மேலும் நாளாகும்.

சில ஆண்டுகளில் பசிபிக் மாக்கடல் வழக்கத்தைவிட வெப்பமடைவதும் உண்டு. 1997-98, 2015-16 ஆண்டுகளில் 'எல் நினோ' என்னும் இந்நிலையால் நம் வட்டாரத்தில் வறட்சி மிகுந்தது. 1997, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் காட்டுத்தீயின் புகைமூட்டம் நம்மை வாட்டியது.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை சில உண்டு. மழைத்தடுப்பு பொருத்தப்பட்ட மரங்களில் அது கிழிந்திருந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். பட்டையில் கருங்கோடோ அழுகலோ கண்டால் மறைக்காதீர்கள். தொடக்கத்திலேயே மருந்திட்டால் மரம் பிழைக்கும். வானிலை அறிக்கையை நாள்தோறும் கேளுங்கள். பால் பெருகும் மாதங்களில் சிறிது சேமித்து வையுங்கள்; மழைக்காலமும் இலையுதிர் காலமும் ஆண்டுதோறும் வருபவை, எதிர்பாராதவை அல்ல.

மழையை நிறுத்த நம்மால் இயலாது. அது வரும் காலத்தை அறிந்து, மரத்தையும் குடும்பத்தையும் காத்துக்கொள்ள நம்மால் இயலும்.