பாலத்துக்குக் கீழே ஒரு மொழி

உங்களில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பலர் இந்நேரம் ஜொகூர் கடற்பால நெரிசலில், பேருந்தில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே தண்ணீரைப் பாருங்கள்.

அந்தத் தெப்ராவ் நீரிணைதான் ஓராங் சிலேத்தார் மக்களின் ஊர். 'பாவ் காஜாங்' என்ற ஓலைக்கூரைப் படகிலேயே பிறந்து, சமைத்து, தூங்கி வாழ்ந்தவர்கள். வேட்டை நாய்களும் அதே படகில்தான்! இக்கரை, அக்கரை என்று அவர்கள் பார்த்ததில்லை. 1923-இல் பாலத்தில் ரயில் ஓடியது. 1965-இல் நாடே இரண்டானது. அக்கரைக்காரர்கள் மெல்ல மலாய்க்காரர்களோடு கலந்துவிட்டார்கள். அங்கே இன்று சிலேத்தார் என்றால் விமான நிலையம், நீர்த்தேக்கம். மொழி மிஞ்சியிருப்பது நம் ஜொகூரில், சுங்கை தெமோன், சிம்பாங் அராங் போன்ற கம்பங்களில்.

பேச்சுப் பதிவுக்காக அப்படியொரு கம்பத்துக்குப் போனேன். ஒரு பாட்டி, கூப்பாங் சிப்பியில் ஒட்டிய நாரைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "நீங்கள் பேசுவதும் மலாய்தானே, கொஞ்சம் கொச்சையாக?" என்று கேட்டுவிட்டேன். கத்தி நின்றது. "மாதிரி இருக்கும். மலாய் இல்லை" என்றார். பிறகு 'கொன்' என்று ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். மனிதரைக் குறிக்க மலாயில் 'ஓராங்', அவர்களுக்குக் 'கொன்'. தங்களைக் 'கொன் சிலேத்தார்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்தில் பேரன், கையில் கைப்பேசி. பாட்டி பேசுவதெல்லாம் அவனுக்குப் புரிகிறது. பதில் மட்டும் மலாயில். சிரிக்காதீர்கள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வராத வீடு நம்மில் எத்தனை?

சிறிய மொழி எல்லாவற்றையும் இப்படிக் கொச்சை என்று நினைத்துவிடுவதில்லை. லடாக் மலையில், எல்லைக்கோட்டருகே தா, ஹானு கிராமங்களில் புரோக்ஸ்கத் என்றொரு தார்திய மொழி. பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் சுற்றிலும் திபெத்திய இன மொழிகள். அதனால் இது வேறு என்று காதில் விழுந்த கணமே தெரிந்துவிடும். என். ராமசாமி என்ற அறிஞர் அதற்கு எழுதிய இலக்கணத்தை மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. சிலேத்தார் மொழியோ மலாய்க்கு நெருங்கிய உறவு. அந்த நெருக்கமே அதற்கு வினை. என்னைப் போல வருகிறவரெல்லாம் அதைக் கொச்சை என்று தள்ளிவிடுகிறோம்.

மணியாகிவிட்டது.  அடுத்த முறை சிலேத்தார் மக்களிடம் கூப்பாங் வாங்கும்போது விலையோடு, "இதற்கு உங்கள் பேச்சில் என்ன பெயர்?" என்றும் கேளுங்கள்.