பழைய வரிக் கணக்கைத் திறக்க எத்தனை வருஷம்?



இன்கம்டாக்ஸ் முதலாளி வீட்டு விவகாரம், பஞ்சாலைத் தொழிலாளிக்கும் பண்ணைக் கூலிக்கும் அதில் என்ன என்று நம்மில் பலர் கேட்கிறோம். அங்கே வசூலாகாத பணத்தைத்தான் துணிக்கும் தீப்பெட்டிக்கும் போட்ட வரியாக இங்கே நாம் கட்டுகிறோம்.

ஒரு வருஷத்து வரியை நிர்ணயித்த பிறகும், வருமானம் விட்டுப்போயிருந்தால் அதிகாரி அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்கலாம். எத்தனை வருஷத்துக்குள் என்பதற்குச் சட்டத்தில் கெடு உண்டு.

யுத்தகாலத்தில் மறைத்த லாபத்தைப் பிடிக்க 1947ல் தனிச் சட்டம் போட்டு விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். 1954ல் சாதாரண வரிச் சட்டத்தையும் திருத்தி, 1939 செப்டம்பர் முதல் 1946 மார்ச் வரை தப்பிய வருமானம் லட்சம் ரூபாயை எட்டினால் நோட்டீஸ் கொடுக்க வழி செய்தார்கள். கெடு, 1956 மார்ச் 31. ஒரே வகை ஆட்களுக்கு ஒரு கடுமையான முறையும் ஒரு சாதாரண முறையும் இருப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று, மதுரை மீனாட்சி மில் வழக்கில் அதே ஆண்டு சுப்ரீம் கோர்ட் கமிஷன் சட்டத்தின் முக்கியப் பிரிவை ரத்து செய்தது.

1961ம் வருஷச் சட்டம், உண்மையை மறைத்தவருக்கு 8 வருஷமும், தொகை 50,000 ரூபாயை எட்டினால் 16 வருஷமும் வைத்தது. 2001ல் பெருந்தொகைக்கு 6 வருஷமானது. 2021ல் 50 லட்சம் ரூபாயை எட்டினால் 10 வருஷம் என்று நீண்டது. 2024 செப்டம்பர் 1 முதல் அதே தொகைக்கு 5 வருஷம் 3 மாதமாகச் சுருங்கியது. குறைந்த தொகைக்கு 3 வருஷம் 3 மாதம்.

கெடுவே கூடாது என்கிறோமா? இல்லை. சம்பளத்திலேயே வரி பிடிக்கப்பட்ட குமாஸ்தாவும், வீட்டுமனையை விற்ற ஏழையும் பதினைந்து வருஷக் காகிதத்துக்கு எங்கே போவார்கள்? கணக்கைத் திறந்த காரணத்தைக் கேட்டால் அதிகாரி தரவேண்டும் என்று 2002ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இது நமக்கும் பாதுகாப்பு.

ஆனால் பத்துக் கம்பெனிப் பெயரில் பிரித்து ஒளித்த பணத்தைத் தோண்டி எடுக்க நாளாகும். அந்த இடத்தில் கெடுவைக் குறைத்தால், ஒளித்தவன் காலத்தைக் கடத்தித் தப்புகிறான். சிறியவருக்குக் குறுகிய கெடு, பெருந்தொகையை மறைத்தவருக்கு நீண்ட கெடு, விசாரிக்கப் போதுமான அதிகாரிகள்: இதுவே நம் கோரிக்கை.

நம்மில் யாருக்காவது நோட்டீஸ் வந்தால் பயந்து பெட்டியில் பூட்ட வேண்டாம். எந்த வருஷத்துக் கணக்கு, என்ன தொகை, கெடு கடந்ததா என்று பாருங்கள். சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். குறித்த நாளுக்குள் பதில் எழுதுவோம்.