எந்த இரும்பு மாத்திரை நல்லது?

(தோட்ட மாதர் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கூட்டங்களில் வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம், கிலோக் கணக்கைப் பற்றிப் பேசுவோம், வீட்டைப் பற்றிப் பேசுவோம். இன்று கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கடைசிவரை இருந்து கேளுங்கள்.

மலைக்குப் போகும் தாய்மார் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான். "கிளினிக் மாத்திரை வயிற்றைப் பிரட்டுது. டவுன் பாமசியில விலை கூடின மாத்திரை இருக்காம். அதுதான் நல்லதா?"

பதில் சொல்வதற்கு முன், இரும்பு எதற்கு என்று பார்ப்போம். கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ அரைப்பங்கு கூடுகிறது. வயிற்றுப் பிள்ளைக்கும் இரும்பு வேண்டும், நச்சுக்கொடிக்கும் வேண்டும், பிரசவத்தில் போகும் இரத்தத்துக்கும் ஈடு வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் ஒரு கறியும் சாப்பிட்டுக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் உடம்பில் அவ்வளவு சேமிப்பு இருக்காது. அதனால்தான் மாத்திரை.

கர்ப்பிணித் தாயின் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. நடு மூன்று மாதங்களில் 10.5 என்று கணக்கெடுப்பார்கள். 7க்குக் கீழே போனால் கடுமையான நிலை. அப்படிப்பட்ட தாய்க்கு மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும். பிரசவத்தில் இரத்தம் கூடப் போனால் அவர் உடம்பு தாங்காது. பிள்ளை நாள் முந்திப் பிறக்கலாம், நிறை குறைந்தும் பிறக்கலாம்.

இனி மாத்திரைகளுக்கு வருவோம். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்துவிட்டு மிச்சக் கிலோவைத்தானே எழுதுகிறார்கள்? மாத்திரையையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது உப்பின் மொத்த நிறை. அதில் சுத்த இரும்பு எவ்வளவு என்பதே கணக்கு. உலர்ந்த பெரஸ் சல்பேற்று 200 மில்லிகிராம் மாத்திரையில் சுத்த இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம். பெரஸ் பியூமரேற்று 180 மில்லிகிராமில் ஏறத்தாழ 60. பெரஸ் குளுக்கோனேற்று 300 மில்லிகிராமில் 35 மட்டுமே.

கர்ப்பிணித் தாய்க்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் சுத்த இரும்பும் 0.4 மில்லிகிராம் போலிக் அமிலமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேலே சொன்ன மூன்று உப்புகளும் இந்த வேலையைச் செய்யும். சல்பேற்றும் பியூமரேற்றும் விலை குறைந்தவை, நன்றாக உறிஞ்சப்படுபவை. குளுக்கோனேற்று வயிற்றுக்குச் சுகமாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஒரு மாத்திரையில் இரும்பு குறைவாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

விலை கூடியவை என்ன? பொலிமோல்ற்றோஸ் என்ற வகை இரும்பு வயிற்றைக் குறைவாகப் பிரட்டும். ஆனால் பெரஸ் உப்புகள் அளவுக்கு அது உடம்பில் சேர்வதில்லை. மெதுவாகக் கரையும் மாத்திரைகள் இன்னொரு வகை. இரும்பை நன்றாக உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. மெதுவாகக் கரையும் மாத்திரை அந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கரைந்தால் பிரயோசனம் குறைவு. பல விற்றமின்கள் சேர்ந்த பளபளப்பான கெப்சியூல்கள் சிலவற்றில் இரும்பு மிகக் கொஞ்சமாக இருக்கும். ஆகவே தாய்மாரே, விலை கூடியதால் மருந்து உசத்தியாகிவிடாது. கிளினிக்கில் கிடைப்பது ஏழைக்கென்று ஒதுக்கிய மட்டமான மருந்தும் அல்ல. ஒழுங்காக விழுங்கும் மாத்திரையே நல்ல மாத்திரை.

ஒழுங்காக விழுங்குவதில் நமக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. அது நாமே பறித்துக் கொடுக்கும் தேயிலை. தேத்தண்ணியில் உள்ள சாயச்சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வேலை வீண். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம். கல்சியம் மாத்திரையும் இரும்பைத் தடுக்கும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடாது. கல்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடும், இரும்பை இரவில் படுக்கப்போகும் முன்னும் வைத்துக்கொண்டால் சுலபம். இரும்போடு கிளினிக்கில் தரும் விற்றமின் சி மாத்திரையை எடுங்கள். நெல்லிக்காய், கொய்யாப்பழம், தேசிக்காய்ச்சாறு எதுவானாலும் துணை செய்யும்.

வெறும் வயிற்றில் எடுத்தால் இரும்பு கூடச் சேரும். வயிறு பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் நிறுத்துவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்படவேண்டாம். மலச்சிக்கல் வந்தால் தண்ணீர் கூடக் குடியுங்கள், கீரை சேருங்கள். அதற்கும் மேலே தாங்கமுடியாவிட்டால் மாத்திரையைக் கூரை இடுக்கில் சொருகி வைக்காமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு உப்புக்கு மாற்றலாம். கிழமைக்கு ஒரு தடவை 120 மில்லிகிராம் கொடுக்கும் முறையும் உண்டு. தினமும் எடுக்க முடியாத, இரத்தச்சோகை இல்லாத தாய்மாருக்கு, அந்த நோய் குறைவாக உள்ள இடங்களில் அதைப் பரிந்துரைக்கிறார்கள். இந்த மாற்றங்களை வைத்தியரோ மருத்துவமாதுவோதான் முடிவு செய்யவேண்டும். நாமாகவே நாள் விட்டு நாள் எடுக்கக்கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. கொக்கிப்புழுவால் வரலாம், தலசீமியாவால் வரலாம். ஒழுங்காக மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் கூடாவிட்டால் மறுபடியும் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள். மற்றது, இரும்பு மாத்திரை சிறு பிள்ளைகளுக்கு நஞ்சு. இனிப்பு என்று நினைத்து ஒரு பிள்ளை பல மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. லயக் காம்பராவில் கைக்கு எட்டாத உயரத்தில், மூடிய போத்தலில் வையுங்கள். பிள்ளை விழுங்கியது தெரிந்தால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது சங்கத்தின் கதைக்கு வருவோம். மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்கக் கிளினிக் போனால் பல இடங்களில் அன்றைக்குப் பேர் இல்லை. ஒரு நாள் பேர் போனால் அந்தக் கிழமை கடையில் கடன். அதனால் ஒரு தாய் ஒரு கிளினிக்கைத் தவறவிடுகிறார், அடுத்த மாதத்துக்கான மாத்திரையும் தவறிப்போகிறது. இதைத் தாயின் கவனக்குறைவு என்று எழுதிவைக்கிறார்கள். பேர் வெட்டியதை எங்கும் எழுதுவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இவைதான். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடவேண்டும். கிளினிக் அட்டையைக் காட்டினால் அது போதுமான சாட்சியாக இருக்கவேண்டும். கர்ப்பிணித் தாய்க்குச் செங்குத்து மலை தராமல் பக்கத்து மலை தரவேண்டும். மலையில் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் தேத்தண்ணிதான் குடிப்பார்கள். மாத்திரையை எப்போது, எதோடு எடுப்பது என்று தாய்க்குத் தமிழில் விளங்கப்படுத்த ஆள் வேண்டும். மாத்திரை கையிருப்பு முடிந்தால் அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு உடனே அறிவிக்கவேண்டும்.

மாதர் தலைவிமாருக்கு ஒரு வேலை. உங்கள் டிவிசனில் இப்போது கர்ப்பமாக இருக்கும் தாய்மார் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். போன கிளினிக்குக்குப் போனாரா, போகாவிட்டால் ஏன், மாத்திரை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேர் வெட்டப்பட்டிருந்தால் திகதியோடு எழுதிக்கொண்டு அடுத்த கமிட்டிக்கு வாருங்கள். வீட்டு ஆண்களே, இரவில் படுக்கும் முன் மாத்திரை எடுத்தாச்சா என்று கேட்பது உங்கள் வேலை. கேட்டதோடு நிற்காமல் ஒரு கிளாஸ் தண்ணீரும் எடுத்துக் கொடுங்கள்.

துரையோடு நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தையில் கிளினிக் நாள் பேரை முதல் கோரிக்கையாக வைப்போம். உங்கள் பட்டியல்கள் கையில் இருந்தால்தான் நாம் அங்கே உறுதியாகப் பேசமுடியும்.