கலங்கலில் ஏறும் மீன்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஐப்பசி பிறந்து இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊர்களில் ஒரு செய்தி வீட்டுக்கு வீடு ஓடும். "ஏரி கோடி போவுது, மீன் ஏறுது!" அவ்வளவுதான். தூறலோ இருட்டோ, யாருக்கும் கவலையில்லை. சாக்கும் வாளியும் வலையுமாகக் கலங்கலுக்குக் கூட்டம் கிளம்பிவிடும். நாமும் போனவர்கள்தாம்.

நம் ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, சங்கிலிபோல் அமைந்தவை. மேலூர் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலங்கல் வழியாகக் கீழூர் ஏரிக்கு வரும். அந்தப் புதுத்தண்ணீரின் வாடை பட்டதும் கீழே இருக்கும் கெண்டையும் கெளுத்தியும் வாளையும் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தைத் திருப்புகின்றன. வாய்க்காலில் ஏறி, கலங்கலின் கல்படியில் துள்ளித் துள்ளி விழுந்து, மறுபடியும் துள்ளுகின்றன. விளையாட்டுக்காக அல்ல. வயிறு நிறையச் சினை. மேலே புதிதாகத் தண்ணீர் பரவிய புல்தரையில் முட்டையிட்டால் குஞ்சுக்கு இரையும் உண்டு, ஒளிய இடமும் உண்டு. விலாங்கு மட்டும் இதற்குத் தலைகீழ். ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்துவிட்டு, முட்டையிடக் கடலுக்குப் போகும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஓர் ஆண்டு ஏரி மூன்று நாள் விடாமல் கோடி போனது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் சேர்ந்து, கோடி வாய்க்காலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மூங்கில் நட்டு, பழைய கொசுவலையைக் குறுக்கே கட்டிவிட்டோம். விரல் நீள மீன்கூடத் தப்பவில்லை. முதல் நாள் அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்தோம். இரண்டாம் நாள் ரோட்டோரத்தில் கூறு கட்டி விற்றோம். மூன்றாம் நாள் வாங்க ஆளில்லை, வெயிலும் இல்லை, கருவாடு போடவும் வழியில்லை. இரண்டு சாக்கு மீனை எருக்குழியில் கொட்டினோம். அம்மா அருவாமனையில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக அறுத்தார். அறுத்த மீனிலெல்லாம் சினை இருந்தது. குழம்பில் வெந்த சினைக்காக எங்களுக்குள் எப்போதும் சண்டை நடக்கும். அன்று ஆளுக்கு ஒரு கிண்ணம் கிடைத்தது. அம்மா மட்டும் தொடவில்லை. "எல்லாம் புள்ளத்தாச்சிடா" என்று ஒரு வார்த்தை சொன்னார். எங்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

இணைச்சட்ட நூல் 22ஆம் பிரிவில் ஒரு சின்னச் சட்டம் வருகிறது. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால், தாய் முட்டையின்மேலோ குஞ்சின்மேலோ உட்கார்ந்திருந்தால், தாயையும் சேர்த்து எடுக்காதே, தாயைப் போகவிடு, அப்போது உனக்கு நலமாகும், நீடூழி வாழ்வாய் என்கிறது அது. பெரிய பெரிய கட்டளைகளுக்கு நடுவில் இந்தக் குருவிக்கூடு எதற்கு என்று தோன்றும். ஆனால் நலமும் நீண்ட ஆயுளும் என்ற இதே வாக்குறுதி, அதே நூலின் 5ஆம் பிரிவில், தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையோடு வருகிறது. பெற்றவளுக்கு உரியதையும் பறவைத்தாய்க்கு உரியதையும் இறைவன் ஒரே வாக்குறுதியால் தொட்டிருக்கிறார்.

இந்தச் சட்டம் பசித்தவனைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். எடுத்துக்கொள், ஆனால் மொத்தத்தையும் எடுக்காதே என்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள் வந்தது. வீட்டையும் ஆடுமாட்டையும் நெல்லையும் இழந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வாரக்கணக்கில் கூலி இல்லாதபோது பிடித்துத் தின்ற மீனுக்கு யாரும் உங்களிடம் கணக்குக் கேட்க முடியாது. ஆண்டு முழுவதும் மீனையே நம்பி வாழும் இருளர் குடும்பங்களையும் பாருங்கள். அவர்கள் வைக்கும் பறி வாய்க்காலின் ஓர் ஓரத்தை மட்டும் அடைக்கும். கரைக்குக் கரை கொசுவலை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் அரிசி இருக்கிறவர்கள்தாம்.

"போனா என்ன, அடுத்த வருசம் குஞ்சு வாங்கி விடுவாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். வாங்கி விடுவது ரோகு, கட்லா, மிர்கால். அவை ஆற்று வெள்ளத்தில் இனப்பெருக்கம் செய்யும் மீன்கள். ஏரியில் தாமாகப் பெருகுவதில்லை. 1957இல் ஹிராலால் சௌத்ரி என்ற இந்திய அறிவியலாளர், ஊசி மூலம் அவற்றை முட்டையிடச் செய்யும் முறையில் வெற்றி கண்டார். அதனால்தான் இன்று பண்ணைக் குஞ்சு கிடைக்கிறது. நம் ஊர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும் அப்படி யார் குஞ்சு விடுகிறார்கள்? அவை சினையோடு கலங்கல் வழியாக மேலே ஏறியாக வேண்டும். கேரளத்தில் இப்படி ஏறும் மீனைப் பிடிப்பதை 'ஊத்த பிடித்தம்' என்பார்கள். 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் அங்கே அதற்குத் தடை இருக்கிறது. நம் பக்கத்தில் அது இன்னும் மனச்சாட்சியைப் பொறுத்த காரியமாகவே இருக்கிறது.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. "நாங்க விட்டா மேலூர்க்காரன் பிடிச்சுக்குவான்." இதற்கு எளிய பதில் கிடையாது. ஆனால் இதே சிக்கலைச் சந்தித்த மக்கள் உலகின் மறுகோடியில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கிளாமத் என்றோர் ஆறு. இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து அதில் ஏறும். தாம் பிறந்த ஓடையைத் தேடிப் போய், முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். ஸ்டீல்ஹெட் என்ற மீனும் அப்படியே ஏறும், ஆனால் அதில் சில உயிரோடு கடலுக்குத் திரும்பும். அந்த ஆற்றங்கரையில் யூரோக் என்ற பழங்குடியினர் கெப்பல் என்னும் இடத்தில் மரக்கழிகளால் ஆற்றின் குறுக்கே தடுப்புக் கட்டி மீன் பிடித்தார்கள். நம்மைப் போலவே கரைக்குக் கரை. ஆனால் நாள்தோறும் சிறிது நேரம் அதைத் திறந்துவைப்பார்கள். பத்து நாள் ஆனதும் தாங்கள் கட்டியதைத் தாங்களே கலைத்துவிடுவார்கள். அவர்களுக்கு மேலே கரூக், ஹூப்பா என்ற வேறு மக்கள் மீனுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் மேலே முட்டையிடும் ஓடைகள் இருந்தன.

பிறகு அந்த ஆற்றில் மின்சாரத்துக்காகப் பெரிய அணைகள் எழுந்தன. மேலே போகும் வழி நூறாண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. அந்தப் பழங்குடியினர் பல ஆண்டுகள் போராடியதில் நான்கு அணைகள் இடிக்கப்பட்டன. வேலை முடிந்த சில வாரங்களிலேயே, 2024 அக்டோபரில், அணைகள் இருந்த இடத்தையும் தாண்டிச் சால்மன் மேலே ஏறியது. வழி திறந்ததும் மீன் வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது, சொல்லப்போனால், நமக்கு அந்த எருக்குழிதான் நினைவுக்கு வந்தது.

யோவான் நற்செய்தி 21ஆம் பிரிவில் இரவு முழுக்க ஒன்றும் கிடைக்காத சீடர்களிடம் ஆண்டவர் படகின் வலப்பக்கம் வலை வீசச் சொன்னார். 153 பெரிய மீன்கள் கிடைத்தன, வலையும் கிழியவில்லை. ஒரு பக்கம்தான் வீசச் சொன்னார், கடலின் குறுக்கே கட்டச் சொல்லவில்லை என்று நம் பங்கில் ஒரு பெரியவர் சொல்லிச் சிரித்தார். இதை விவிலிய விளக்கமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சிரிப்பு அடங்கியபின் அங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஓர் ஊர் அன்பியத்தில் இளைஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோடி வாய்க்காலில் பாதி அகலத்துக்கு மேல் வலை கட்டுவதில்லை. இருட்டியபின் அதையும் தூக்கிவிடுவது. கொசுவலை அறவே கூடாது. தண்ணீர் வேகமாக இருக்கும்போது பிள்ளைகளைக் கலங்கலில் இறக்குவதில்லை என்பதையும் அம்மாக்கள் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தார்கள். ஊரில் சிலர் கேலி செய்தார்கள். முதல் இரவே வலையைத் தூக்கிவிட்டு நின்றவர்களின் கால்களுக்கு இடையே, டார்ச் வெளிச்சத்தில், மீன்கள் வரிசையாக ஏறிப் போயின. ஒரு தம்பிக்குக் கை பரபரத்ததாம். பிடித்துவிட்டானா என்று கேட்டோம். "ஒண்ணே ஒண்ணு, சாமி" என்றான்.

இப்போது மேலூர்க்காரர்களோடு பேச வேண்டும். அவர்களுக்கும் நமக்கும் இந்த வாய்க்காலை வைத்துப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது, அதனால் போகத் தயக்கம்தான். அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் நாலைந்து பேராகப் போகிறோம். வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மீன் குழம்பு வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். எந்த மீன் என்று கேட்கவில்லை.