எங்கள் பாட்டனாரும் தந்தையாரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே புலவர்களையும் வீரர்களையும் போற்றிப் பேசுவது நம் வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆயினும், எந்த நூலிலும் பெயர் ஏறாத இருவரைப் பற்றிப் பேச இவ்வாண்டு எங்களுக்கு இசைவு தந்த செயற்குழுவினருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஒருவர் எங்கள் பாட்டனார். மற்றவர் எங்கள் தந்தையார். இருவரும் கோலார் தங்கவயலில் மண்ணுக்கடியில் உழைத்தவர்கள். நாங்களோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இங்கே ஹூப்ளியில் ரயில்வே குமாஸ்தாவாகப் பணிபுரிபவர்கள். வீட்டில் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் உள்ளபடி சொல்ல முயல்கிறோம்.

எங்கள் பாட்டனார் பிறந்தது வட ஆர்க்காடு மாவட்டத்தில், குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூர். உழுத நிலம் பிறருடையது. கூலி அளந்த மரக்காலும் பிறருடையதே. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த மரக்காலும் வரவில்லை. 1934-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், ஆள் சேர்க்க வந்த மேஸ்திரியின் பின்னே அவர் புறப்பட்டார். கையிலே ஒரு போர்வை, ஒரு தூக்குச் சட்டி, வேறொன்றும் இல்லை. ஜோலார்பேட்டை வழியாகப் பௌரிங்பேட்டை வந்து சேர்ந்தார். இன்று பங்காரப்பேட்டை என வழங்கும் சந்திப்பு அதுவே. அங்கிருந்து மாரிக்குப்பம் வரை பத்து மைல் கிளைப் பாதை. 1894-இல் திறக்கப்பட்ட அப்பாதை சுரங்கத்திற்கு எந்திரங்களைச் சுமந்தது போலவே, நம் போன்றோரின் முன்னோரையும் சுமந்து சென்றது.

இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் கால் வைத்த இடம் தங்கவயல். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் அங்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கையே அளந்து ஏற்றிய சிற்றூரிலிருந்து வந்தவர் எங்கள் பாட்டனார். முதல் இரவில் அவ்வூர் வெளிச்சத்தைக் கண்டு, ஏதோ திருவிழா நடக்கிறது என்று எண்ணினாராம். மறுநாள் காலையில் இரும்புக் கூண்டில் ஏற்றி அவரைக் கீழே இறக்கினார்கள். மேலே மின்சார வெளிச்சம்; கீழே இருட்டு. சாம்பியன் சுரங்கம் பிற்காலத்தில் 10,000 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். நிற்பவன் உடலெங்கும் வியர்வை ஓடும். திடீரெனப் பாறை வெடித்துச் சரியும். முறை மாறும் வேளையன்றி வேறு வேளையில் சங்கு ஊதினால், எங்கள் பாட்டியார் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பாராம். லைன் முழுவதும் பெண்கள் அவ்வாறே நிற்பார்களாம். யாரும் யாரோடும் பேசமாட்டார்களாம்.

குடியிருந்தது மூங்கில் தட்டியால் அடைத்த வீடு. ஒரே அறை. அதிலேதான் சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும். எனினும் அங்கே ஒரு செல்வம் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளிகள் மாலையில் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பார்கள். பண்டிதர் அயோத்திதாசரின் வழிவந்த பௌத்த சங்கம் 1907 முதலே மாரிக்குப்பத்தில் இயங்கியது. கோயில்களும் மாதா கோயில்களும் பஜனை மடங்களும் இருந்தன. தாங்கள் வருமுன்னர் 1930-இல், கைரேகை பதிய வேண்டும் என்ற ஆணையை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த கதையைப் பாட்டனார் பெரியவர்களிடம் கேட்டு எங்கள் தந்தையாருக்குச் சொன்னார். கூலியை விட மானம் பெரிது என்று அவர் பாடம் நடத்தவில்லை; அந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கள் தந்தையார் 1944-இல் அந்தத் தட்டி வீட்டிலேயே பிறந்தார். பாட்டனார் அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். காரணம் வேறொன்றுமில்லை, தமக்குத் தினமும் பத்திரிகை வாசித்துக் காட்ட வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்பதே. மகன் வாசிப்பார், தந்தை இருமலுக்கிடையே கேட்பார். அவ்விருமல் அத்தொழிலோடு வந்தது. பாறைத் தூசு மார்பில் படிந்தவர்கள் அந்நாளில் லைனுக்குப் பலர். ஐம்பத்தாறு வயதில் பாட்டனார் மறைந்தார்.

தந்தையார் 1965-இல் சுரங்கத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் தங்கவயலின் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். உலகம் அறிந்த அச்செய்தியை எங்கள் தந்தையார் அறியார். ‘யாரோ படித்தவர்கள் கீழே பெட்டி பெட்டியாக வைத்திருந்தார்கள்’ என்று மட்டும் சொல்வார். அவர்கள் பெட்டி வைக்க இடம் குடைந்தவர்கள் அவரைப் போன்றோரே என்பதை நாங்கள் பின்னர் உணர்ந்தோம்.

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. ஆழம் மிகுந்தது, தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வழங்கிய அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அப்போது தந்தையாருக்கு வயது ஐம்பத்தாறு. பாட்டனார் மறைந்த அதே வயது.

அவர் சோர்ந்து அமரவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, பெங்களூரில் காவலாளி வேலை பார்த்து, இரவில் திரும்பினார். ஒன்பது ஆண்டுகள் அவ்வாறு சென்றார். தங்கவயலின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ரயில்களாலேயே பிழைத்தன, இன்றும் பிழைக்கின்றன. தந்தையைச் சுரங்கத்திற்குக் கொண்டு சென்ற பாதையே மகனை அதிலிருந்து வெளியே கொண்டு சென்றது. நாங்கள் ரயில்வேயில் சேர்ந்தபோது, தம் சீசன் டிக்கெட்டை எடுத்துக் காட்டி, “இதை ஒழுங்காப் பார்த்துக் குடு, வரிசையில நிக்கிறவன் ஷிப்டு முடிஞ்சு வந்தவன்” என்றார். எங்கள் உத்தியோகத்திற்கு அதைவிடச் சிறந்த விதி எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

அன்பர்களே! ஊர்த் திருவிழாவிற்குப் போனால் தந்தையாரைத் ‘தங்கவயல்காரர்’ என்பார்கள்; தங்கவயலில் ‘தமிழர்’ என்பார்கள். இரண்டையும் அவர் மறுத்ததில்லை. கன்னடத்தில் அண்டை வீட்டாரோடு அளவளாவினார். தமிழில் கணக்கும் கடிதமும் எழுதினார். ஒரு மொழியைக் கற்க மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நம் பிள்ளைகளோ இரண்டையும் பேசுகிறார்கள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறார்கள். பாட்டனாருக்குப் பத்திரிகை படித்துக் காட்டிய மகனின் பேரக்குழந்தைகள் இந்த மலரைப் பிறர் வாசிக்கக் கேட்கும் நிலை வரலாமா?

ஆகவே சங்கத்திற்கு இரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துப் பயிற்சி நடத்துக. நாங்கள் ஷிப்டு இல்லாத வாரங்களில் வந்து கற்பிக்க ஆயத்தமாயுள்ளோம். இரண்டாவதாக, ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி, காலனியின் ஒவ்வொரு குடும்பமும் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், என்ன காரணத்தால் புறப்பட்டது என்பதைப் பெரியவர்கள் சொல்லப் பிள்ளைகளே எழுதட்டும். அவர்கள் எழுத்துப் பழகுவதும் அதிலேயே ஆகட்டும்.

முதல் பக்கத்திற்கு எங்கள் வீட்டு விவரம் ஆயத்தமாயிருக்கிறது. அடுத்த பக்கம் உங்களுடையது.